எங்க மலையில ஊத்தே இல்ல

நான் போட்ட குழாய் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கிற ஆள் இன்னும் பொறக்கல. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு? எங்க குடியிருப்புல குழாய் வேலை பாக்கறவ நான். பேரச் சொல்லிக் கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்களே முழிப்பாங்க. குழாய்க்காரின்னு கேட்டா நடக்கப் பழகற குழந்தைகூட வீட்டக் காட்டும்.

மலைச்சரிவுல இருக்கற எங்க வீடு ஒவ்வொண்ணுலயும் குழாயத் தொறந்தா தண்ணி வரும். நடுக்கோடையிலயும் வரும். அது எங்கேருந்து வருதுன்னு வெளியாள் யாராவது கேட்டா, எங்க ஜனம் மொத்தமும் வாய்ப்பாடு மாதிரி ஒரே பதிலச் சொல்லும்: "மழைத் தண்ணிங்க. தொட்டியில பிடிச்சு வச்சுக்கறோம்."

தொட்டியும் இருக்கு. ஒவ்வொரு கூரைக்கும் பக்கத்துல கறுப்பா, உருண்டையா, ஜம்முன்னு நிக்கும். கேக்க வந்தவங்க அதத் தட்டிப் பாத்துட்டு, தலைய ஆட்டி, எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. அதுல பாதித் தொட்டிக்குள்ள கெடக்கறது விறகு. நெசமான தண்ணி தரைக்கு அடியில, நான் வெட்டின பள்ளத்துல, தேவையே இல்லாத இடத்துலயெல்லாம் வளைஞ்சு திரும்பி, மேல காட்டுக்குள்ள இருக்கற ஊத்துலேருந்து வருது.

எதுக்கு இவ்ளோ கள்ளத்தனம்னு கேப்பீங்க. நாங்க இந்த மலையோட பழங்குடி. முன்ன எங்களுக்கு இன்னொரு ஊத்தும் இருந்தது, சரிவோட கீழ்ப்பக்கம். எங்கப்பா காலத்துல அதிகாரிங்க வந்து, பதிவு பண்ணா பாதுகாப்புன்னு சொன்னாங்க. எங்க பெரியவங்க நம்பிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. இப்ப அதச் சுத்திக் கம்பி வேலி, உள்ள தண்ணி அடைக்கிற ஆலை. பாட்டில் மேல எங்க மலையோட படம் வேற! அது எப்படிக் கைய விட்டுப் போச்சுன்னு கேட்டா பெரியவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எங்கப்பா உசுரோட இருந்தப்ப அவர்கிட்ட கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. அன்னேலேருந்து மேல் ஊத்தப் பத்தி வெளிய ஒருத்தரும் மூச்சு விடறதில்ல.

இந்தக் கட்டுக்கதைக்கெல்லாம் தலைமை எங்க அத்தை. அப்பாவோட தங்கச்சி, குடியிருப்புச் சங்கத் தலைவி. டவுன் ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற பிரிவுக்கு அவங்கதான் மேற்பார்வை. கறை படிஞ்ச கோட்டோட வந்தா பெரிய டாக்டருக்கே திட்டு விழும்னு ஊர்ல பேச்சு.

நிலம் அளக்கவோ கணக்கெடுக்கவோ யாராவது வர்றாங்கன்னு தெரிஞ்சா, அத்தை செய்யற முதல் வேலை என்னைய விரட்டறது.

"நீ போய் மேல வால்வக் கழட்டிப் பாரு."

"இப்பதானே பாத்துட்டு வந்தேன்."

"மறுபடி பாரு."

வந்தவங்க கெளம்பற வரைக்கும் நான் பள்ளத்துக்குள்ளயே கெடக்கணும். காரணம் ஊருக்கே தெரியும். என் வாய். கோவம் வந்துட்டா எனக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு பேச வராது. போட்டு ஒடச்சிடுவேன். மத்தவங்கெல்லாம் வந்தவங்களுக்கு நாற்காலி போட்டு, டீ குடுத்து, கதை கதையா அளந்து விட்டுட்டு, சாயங்காலம் எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு வயிறு எரியும். முதுகு ஒடியக் குழாய் போட்டவ நானு, பொய் சொல்லிப் பேர் வாங்கறது நீங்களா!

இப்படியே போயிட்டிருந்தது. அப்பதான் பஸ் நிறுத்தத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க. எங்க சரிவுல கல் குவாரி வரப்போகுது. நிலத்த ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்தாச்சு. "குடிநீர் ஆதாரம் எதுவும் இல்லாத பகுதி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. அவங்க வெடி வைக்கப் போற பாறை எங்க ஊத்துக்கு நேர் மேல. அந்தப் பாறை ஒரு தடவ அதிர்ந்து விரிசல் விட்டா, தண்ணி வேற வழி பாத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பி வராது.

பதிவான குடிநீர் ஆதாரம் இருக்கற சரிவுல குவாரி போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா எங்ககிட்டதான் ஊத்தே இல்லையே! நாங்களே சொல்லி, சங்கத் தலைவி கையெழுத்துப் போட்டு வாக்குமூலமே குடுத்திருக்கோம். வேற யாராவது தண்ணிய இப்படி ஒளிச்சு வச்சு, இல்லவே இல்லேன்னு அரசாங்கத்தையே நம்ப வச்சு, கடைசியில தன் தலையில தானே கல்லப் போட்டுக்குவாங்களா? எங்க ஆளுங்களாலதான் முடியும்.

நேரா அத்தைகிட்ட போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால, தகரக் கூரை போட்ட நீளமான அறை. பெரிய பெரிய மிஷினுங்க சுத்திக்கிட்டிருந்தது. உள்ள நொழஞ்சதும் ஆவி மூஞ்சில அடிச்சது. அத்தை வெள்ளைப் போர்வைங்கள மடிச்சு அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

"அத்தை, காட்டிடுவோம்."

"எத?"

"எதன்னா? தெரியாத மாதிரி கேக்கறீங்களே!"

"மெதுவாப் பேசு."

"உங்க மிஷின் போடற சத்தத்துல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

அத்தை ஒரு போர்வையோட ரெண்டு மூலைய எங்கிட்ட நீட்டினாங்க. பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேருமா இழுத்து மடிச்சோம்.

"ஒரு தடவ காட்டினோம்," அப்படின்னாங்க. "என்ன ஆச்சு?"

"காட்டலேன்னா வெடி வைக்கப் போறாங்க. ஊத்தே செத்தப்புறம் எத ஒளிச்சு வைப்பீங்க?"

அத்தை மடிச்சதையே மறுபடி பிரிச்சு மடிச்சாங்க. மடிப்பு கோணலாவே விழுந்தது; அத்தை கையில அப்படி நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, சண்டை போட வந்ததே மறந்து போச்சு.

"யோசிக்கிறேன்," அப்படின்னாங்க கடைசியா. "விசாரணைக்கு நீயும் வா. பின்வரிசையில உக்காரு. ஆனா வாயத் தொறந்தேன்னு வச்சுக்கோ, இந்த மிஷின்ல போட்டுப் பிழிஞ்சிடுவேன்."

விசாரணை டவுன் அலுவலகத்துக் கூடத்துல. பிளாஸ்டிக் நாற்காலி, உயரத்துல லொடலொடன்னு மின்விசிறி, தொட்டா வீல்னு கத்தற மைக். எங்க ஜனம் மொத்தமும் தோய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருந்தது. மேடையில நீர்வளத்துறை ஆய்வாளர் அம்மா. அமைதியான பொம்பள. யார் பேசினாலும் பேனாவ மூடி வச்சுட்டு முகத்தப் பாத்துக் கேப்பாங்க. அந்தப் பக்கம் கம்பெனி வக்கீல். சின்ன வயசு, படிய வாரின தலை, பேச்செல்லாம் தேன்தான்.

வக்கீல் அத்தையோட வாக்குமூலத்த நிறுத்தி நிதானமாப் படிச்சாரு. "எங்கள் மலையில் ஊற்று இல்லை. மழை நீரையே அருந்துகிறோம்." படிச்சு முடிச்சுட்டு எங்க பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

"பாவம், இத்தன காலமா மழைய நம்பியே வாழ்ந்திருக்காங்க. குவாரி வந்ததும் கம்பெனி தன் செலவுல தினமும் லாரியில தண்ணி அனுப்பும். இனிமே இவங்க வானத்தப் பாத்துக் காத்துக் கெடக்க வேண்டியதில்ல. குடத்த எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தாப் போதும்."

குடத்த எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வரணுமாம்! எங்க தண்ணிய வெடி வச்சுக் கொன்னுட்டு, எங்களுக்கே லாரியில ஊத்துவாங்களாம்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. நாற்காலியத் தள்ளிட்டு எழுந்தேன்.

"யோவ்..."

"உக்காருடி!" அத்தை திரும்பிக்கூடப் பாக்கல. "வாயத் தொறக்காத."

அது மைக்ல விழுந்து கூடம் பூராக் கேட்டுடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாண வயசுல பொண்ணு வச்சிருக்கறவ நான். இத்தன பேர் முன்னால ஸ்கூல் பிள்ளைய அதட்டற மாதிரி அதட்டிட்டாங்களேன்னு கண்ணு கலங்கிப் போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

அத்தை எழுந்து மைக்க இழுத்தாங்க. "வக்கீல் சார், உங்க லாரியத் திருப்பி அனுப்பிடுங்க. பிச்சை வாங்கிக் குடிக்கிற ஜனம் இல்ல நாங்க. எங்ககிட்ட ஊத்து இருக்கு. நீங்க படிச்சது பொய். சொன்னது நான்தான்."

வக்கீல் தாளக் கீழ வச்சாரு.

"பொய் வாக்குமூலம் குடுத்தத ஒத்துக்கறீங்களா?" வக்கீல் கேட்டாரு. "தலைவி பதவி போயிடும், தெரியுமில்ல?"

"போனாப் போகட்டும். தண்ணிய விட அது பெரிசா?"

பட்ட அவமானமெல்லாம் ஒரு நிமிஷம் எங்கேயோ போச்சு. இந்தப் பொம்பளயோட ரத்தம்தான் எனக்குள்ளயும் ஓடுதுன்னு நெனச்சேன்.

அதோட விட்டாங்களா எங்க ஆளுங்க? பஸ் ஓட்டற சித்தப்பா துள்ளி எழுந்தாரு. "அவங்க மட்டுமா சொன்னாங்க? அளக்க வந்தவரு ஈரத்தப் பாத்துட்டு இது என்ன தண்ணின்னு கேட்டாரு. காட்டுப்பன்னி மூத்திரங்கன்னேன். மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினாரு பாருங்க!"

"அது என்ன பெரிய பொய்?" தையல்கார அக்கா எழுந்தா. "விடிகாலையில துணி விரிச்சுப் பனியப் பிழிஞ்சு குடிக்கிறோம்னு நான் சொன்னேன். அவரு அத எழுதிக்கிட்டே போனாரு!"

"எங்கூட்டுக்காரர்தான் அந்தப் பனிக் கதையையே கட்டினது!" பின்னாலேருந்து ஒரு குரல்.

அவ்ளோதான். மைக்குக்குச் சண்டையே வந்துடுச்சு. ஊர்ல வயசு வந்தவங்க, என் பொண்ணு உட்பட, ஒருத்தர் பாக்கியில்லாம எழுந்து, தான் சொன்ன பொய்தான் ஒசத்தின்னு மார்தட்டிக்கிட்டாங்க. ஆய்வாளர் அம்மா கைக்குட்டையால வாய மூடிக்கிட்டாங்க, தோள் மட்டும் குலுங்கிச்சு. நான் ஒருத்திதான் கல்லுப் பிள்ளையாரா உக்காந்திருந்தேன். சொல்லிக்க எங்கிட்ட ஒரு பொய்கூட இல்லையே!

அப்பதான் வக்கீலப் பாத்தேன். அவருக்குக் கோவமே வரல. எழுந்து பேசற ஒவ்வொருத்தர்கிட்டயும், "முழுப் பேரு?"ன்னு மரியாதையாக் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாரு. எழுதி முடிச்சதும் சட்டைக் காலரச் சரி பண்ணிக்கிட்டாரு. எனக்கு அது புடிக்கல.

மறுநாள் காலையில ஆய்வாளர் அம்மா மலைக்கு வந்தாங்க, கூடவே வக்கீலும். வீட்டுக் குழாய்லேருந்து ஊத்து வரைக்கும் ஒரே குழாய்தான்னு கண்ணால பாத்தாத்தான் பதிவு பண்ண முடியும்னு சொல்லியிருந்தாங்க. அதனால ஊரே மண்வெட்டியோட நின்னது. நான் கோடு போட்டுக் காட்ட, அவங்கவங்க வீட்டு வாசல அவங்கவங்க தோண்டினாங்க. நான் மூடி மறைச்சு வச்சத என் கையாலயே தொறந்து விட்டேன். முதல் மண்ண அள்ளறப்ப சங்கடமாத்தான் இருந்தது. குழாய் தெரிய ஆரம்பிச்சதும் அது மாறிடுச்சு. ஒரு இணைப்புலயும் கசிவு இல்ல. எத்தன கோடை, எத்தன மழை பாத்த குழாய்! புதுசு மாதிரி கெடந்தது.

"இங்க எதுக்கு இப்படி வளைஞ்சு திரும்புது?" ஆய்வாளர் அம்மா கேட்டாங்க.

"உங்களுக்காகத்தாம்மா."

சிரிச்சுட்டாங்க. "நல்லா அலைய விட்டிருக்கீங்க. நானும் சின்ன அதிகாரியா இருந்தப்ப இந்த ஊருக்கு வந்து தொட்டியத் தட்டிப் பாத்துட்டுப் போனவதான்."

குழாயோட வழியிலயே காட்டுக்குள்ள ஏறினோம். பாறை மடிப்புக்குள்ள, பாசி படிஞ்ச இருட்டுலேருந்து, சத்தமே இல்லாமத் தண்ணி வந்துக்கிட்டிருந்தது. பக்கத்துல போனாலே குளிர்ச்சி தெரியும். எங்க ஆளுங்க தள்ளியே நின்னுட்டாங்க. அங்க யாரும் காலக் கழுவறதில்ல, துணி நனைக்கிறதில்ல, கை விடறதுகூடக் கெடையாது. ஆய்வாளர் அம்மா அதக் கவனிச்சுட்டு, செருப்பக் கழட்டி வச்சுட்டு, குழாய் வாயில வாளிய வச்சு வேகத்த அளந்தாங்க. குப்பியில பிடிச்சு மருந்து விட்டு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. திரும்பத் திரும்பப் பாத்தாங்க.

"இவ்ளோ சுத்தமான தண்ணிய நான் பரிசோதிச்சு ரொம்ப காலமாச்சு," அப்படின்னாங்க. "பதிவு பண்ணிடலாம். குவாரிக்கு இங்க எடமில்ல."

எங்க ஜனம் ஓன்னு கத்திச்சு. சித்தப்பா தையல்கார அக்காவோட வீட்டுக்காரரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

"ஒரு நிமிஷம்," அப்படின்னாரு வக்கீல்.

பையிலேருந்து முந்தின நாள் எழுதின தாள எடுத்தாரு. "பதிவான ஆதாரத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேணும். ஊர்க்காரரா இருக்கணும். ஆனா அந்த ஆதாரத்தப் பத்திப் பொய் சொன்னவங்க பொறுப்பாளரா இருக்க முடியாது. நேத்து இவங்க எல்லாரும் பொய் சொன்னேன், பொய் சொன்னேன்னு மைக்ல சொல்லியிருக்காங்க. ஊர்ல தகுதியான ஆள் இல்லேன்னா பொறுப்பு நிலத்தக் குத்தகைக்கு எடுத்தவங்களுக்குப் போகும். அதாவது எங்க கம்பெனிக்கு. குவாரி இல்லேன்னாப் பரவாயில்ல. ஊத்து எங்க கையில இருக்கும்."

"ஐயையோ!" சித்தப்பா தலையில கைய வச்சுக்கிட்டு மண்ணுலயே உக்காந்துட்டாரு.

ஆய்வாளர் அம்மா முகம் வாடிப் போச்சு. "சட்டத்துல அப்படித்தான் இருக்கு," அப்படின்னாங்க மெதுவா. என் கண்ணுக்குள்ள கீழ் ஊத்தச் சுத்தின கம்பி வேலிதான் தெரிஞ்சது. இத்தன நாள் காப்பாத்தினதும் போச்சு, வாயால வந்த வினையில போச்சு. ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க முடியாமத் தரையப் பாத்துக்கிட்டு நின்னோம்.

அத்தை மட்டும் முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாங்க. எங்கிட்ட வந்தாங்க. மண்ணு ஒட்டின என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வக்கீல் முன்னால நிறுத்தினாங்க.

"இவ பேரு உங்க தாள்ல இருக்கா?"

வக்கீல் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. "இல்ல... ஆனா இவங்களும் நேத்து கூடத்துல எழுந்து ஏதோ சொன்னாங்களே?"

"யோவ்னு சொன்னா. அதுல என்ன பொய் இருக்கு?"

யாரோ குபீர்னு சிரிச்சாங்க. ஆய்வாளர் அம்மா சிரிக்கல. என் கண்ணப் பாத்து, "நீங்க எப்பவாவது, யார்கிட்டயாவது, இங்க ஊத்து இல்லேன்னு சொல்லியிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா. என்னைய எங்க சொல்ல விட்டாங்க? யார் வந்தாலும் பள்ளத்துக்குள்ள அனுப்பிடுவாங்க."

அதச் சொல்லும்போதே எனக்கு உறைச்சுடுச்சு. அத்தையத் திரும்பிப் பாத்தேன்.

"கீழ் ஊத்து எப்படிப் போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே," அப்படின்னாங்க. "இப்படித்தான்டி போச்சு. உங்கப்பன் முன்ன ஒரு தடவ இல்லேன்னு சொல்லியிருந்தான். நாங்க எல்லாரும்தான் சொல்லியிருந்தோம். அந்தப் பழைய பொய்யத் தூக்கி மூஞ்சில அடிச்சாங்க. பொறுப்பேத்துக்க எங்கள்ல ஒரு ஆள் மிஞ்சல. அந்த வேதனையிலயே உங்கப்பன் போய்ச் சேந்தான்." மூச்சு வாங்கினாங்க. "ஊத்த மட்டுமா ஒளிச்சு வச்சேன்? உன்னையுந்தான்டி ஒளிச்சு வச்சேன்."

என் வாய்க்குப் பயந்து விரட்டினாங்கன்னு நெனச்சு எத்தன நாள் பொருமியிருப்பேன்! அத்தன பேர் முன்னால நான் ஓன்னு அழுதேன். வெக்கமே இல்லாம அழுதேன். எங்கப்பா எழுந்து எழுந்து வெளிய போனது ஏன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

வக்கீல் தாளுங்கள மடிச்சுப் பையில வச்சாரு.

"பொறுப்பாளர்னா வெளையாட்டில்ல," ஆய்வாளர் அம்மா சொன்னாங்க. "தண்ணி கெட்டா உங்களத்தான் பிடிப்போம். யார் வந்து கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"அது ஒண்ணுதாம்மா எனக்குச் சொல்ல வரும்."

கையத் தொடச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன். குழாய்க்காரியாவே இருந்தவ, ரொம்ப நாளைக்கப்புறம் என் பேர முழுசா எழுதினேன். ஆய்வாளர் அம்மா பேனாவ மூடி வச்சுட்டு நேரா நின்னாங்க. "முறைப்படி கேக்கணும். பொறுப்பாளர் சொல்லுங்க. இந்த மலையில ஊத்து இருக்கா?"

"இருக்கு," அப்படின்னேன். அழுத தொண்டை, குரல் கம்மிப் போச்சு.

அத்தை பின்னாலேருந்து என் முதுகுல ஒண்ணு வச்சாங்க.

"கீழ ஆலைக்காரனுக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லுடி!"

சொன்னேன்.